ஆட்சி கலைந்தது, சாவி செங்கோடனிடம் இருந்தது

செங்கோடன் கல்வெட்டுக்குச் சாக்கு போர்த்திக்கொண்டிருந்தார்.

காலை ஏழரை மணி இருக்கும். தை மாதப் பனி முழுதாக விலகவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு என்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவரைப் போல இருந்தார். கையில் மட்டும் யூரியா சாக்கு. புதுக் கட்டடத்தின் முன்சுவரில் பதித்திருந்த கருங்கல் பலகையின் மேல் அதை விரித்து, திரைச்சீலைக்காக அடித்து வைத்திருந்த ஆணிகளில் மாட்டப் பார்த்தார். சாக்கு சரிந்தது. மறுபடி தூக்கினார்.

கல்லில் மறுநாள் தேதி வெட்டியிருந்தது. அதற்குக் கீழே மாண்புமிகு அமைச்சரின் பெயர், தெருக்கோடியிலிருந்து படிக்கிற அளவு எழுத்தில். அதற்கும் கீழே, "முன்னிலை" என்று போட்டுச் செங்கோடனின் பெயர். கட்டடத்தைக் கட்டிய கான்ட்ராக்டர் அவர். ஆளுங்கட்சிக்கு ஊர்க் கிளைச் செயலாளரும் அவரே.

நான் சைக்கிளை நிறுத்தினேன். "என்னாங்க ஆச்சு?"

"கலைச்சுப் போட்டாங்க நர்சம்மா." திரும்பாமலே சொன்னார். "ரேடியோவுல சொல்லிப்போட்டாங்க. தில்லியில கையெழுத்து ஆயிருச்சாமா. நம்ம மந்திரி இப்ப மந்திரி இல்லீங்க."

"அப்ப நாளைக்குத் திறப்பு விழா?"

அவர் சரிந்த சாக்கை மறுபடி ஆணியில் மாட்டினார். கேட்டுக்கு இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம் நின்றது. கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன், நடுவில் பெரிய முடிச்சோடு. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் எனக்குத் தேவையான எல்லாம் இருந்தது.

அரசியல் எனக்கு எதற்கு

போன வாரம் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்தை எழுதியதற்கு, படித்துவிட்டுக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை என்று சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் ஊசி கிடையாது. அரசியல்தான். வலி ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது ஆத்தூர்ப் பக்கம். வேலை கிடைத்தது வெண்ணந்தூரிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் போகிற ஓர் ஊரில். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். செங்கோடன் என்பதும் அவருடைய நிஜப் பெயர் இல்லை. அவர் பேரன் இந்தப் பத்திரிகையை வாங்குகிறான்.

அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் சேலத்தைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

போன புதிதில் அந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் சண்டை போட்டால் மரியாதை போய்விடும். இங்கே திட்டும்போதும் 'ங்க' போட்டுத் திட்டினார்கள். "நீங்க ஒரு ஊசியும் ஒழுங்காப் போடறதில்லீங்க" என்று ஒரு பெரியவர் சொன்னபோது, பாராட்டுகிறாரா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

ரேஷன் கடைக்குப் பின்னால்

துணை சுகாதார நிலையம் என்று பலகை மாட்டிய என் அலுவலகம், ரேஷன் கடைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை அறை. ஜன்னல் இல்லை. கதவைத் திறந்தால் வெளிச்சம் வரும், தெருவும் சேர்ந்து வரும். பிரசவம் பார்க்கும்போது கதவைச் சாத்தியாக வேண்டும். சாத்தினால் ஒரு குண்டு பல்பு. அது எரிவதும் அணைவதும் மின்வாரியத்தின் இஷ்டம். எப்போதும் மண்ணெண்ணெய் வாடை. என் சேலையில் அந்த வாடை இல்லாத நாளில் எனக்கே என்னை அடையாளம் தெரியாது.

அந்த அறையில்தான் பாவாயியின் முதல் குழந்தை போனது.

பாவாயி தறி ஓட்டுகிறவள். விசைத்தறிக் கூடத்தின் சத்தத்திலேயே வளர்ந்ததால் சாதாரணமாகப் பேசுவதையும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி பேசுவாள். கணவன் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டால் மாதக்கணக்கில் வரமாட்டான்.

ஐப்பசி மழை இருட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். பல்பு போய்விட்டது. பிறந்த குழந்தை அழவில்லை. தொண்டையில் சளி அடைத்திருக்கிறதா, கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா, ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து தெருவுக்கு ஓடினேன், வெளிச்சத்துக்காக. வெளிச்சத்தில் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஜன்னல் இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மூன்றாம் நாள் பாவாயியைப் பார்க்கப் போனேன். "அடுத்த பிரசவம் நல்ல வெளிச்சத்துல, நல்ல இடத்துல பாக்குறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். யாரைக் கேட்டுக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அதன் பிறகு கட்டடம் வேண்டும் என்று எழுதாத ஆபீஸ் கிடையாது.

இரண்டு வருடம் கழித்து எப்படியோ கட்டடம் வந்தது. பிரசவ அறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல். இரண்டையும் பெரிதாக வைக்கச் சொல்லிச் செங்கோடனிடம் சண்டை போட்டு வாங்கினேன். குழாயில் தண்ணீர். இரும்புக் கட்டில். அதெல்லாம் தீபாவளிக்கு முன்பே தயார்.

ஆனால் திறக்கவில்லை. நம் நாட்டில் கட்டடம் என்பது கட்டி முடித்தால் கட்டடம் ஆகிவிடாது. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். அதுவரை அது சுவர் எழுப்பிய காலி மனை. அமைச்சரின் தேதிக்காகக் கார்த்திகை போனது, மார்கழி போனது. தை மாதத்தில் தேதி கிடைத்தது. சங்ககிரியில் கல்வெட்டு வெட்டி லாரியில் வந்து இறங்கியது. பாவாயிக்கு அப்போது ஏழாவது மாதம்.

அப்போதுதான் தில்லியில் ஒருவர் பேனாவைத் திறந்தார்.

பொங்கல் முடிந்த கையோடு

எனக்கு விவரம் தெரிந்து நம் மாநிலத்தில் ஆட்சியைக் கலைத்ததெல்லாம் தைக் கடைசியில், தப்பினால் மாசித் தொடக்கத்தில். பொங்கல் தின்று, கரும்பைக் கடித்துத் துப்பி முடித்த கையோடு கலைத்துவிடுவார்கள். அந்த மாதத்துக்கு என்ன ராசி என்று ஒரு ஜோசியரிடம் கேட்டேன். அவர் ராஜ கிரகங்கள் என்று ஆரம்பித்து என் கையை நீட்டச் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன்.

என் அப்பா ஒரு தாலுகா ஆபீசில் டவாலிப் பட்டை மாட்டிய பியூன். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு முறை ஆட்சியைக் கலைத்தார்கள். அன்று அப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட வேலை, ஸ்டூல் போட்டு ஏறி முதலமைச்சரின் படத்தைக் கழற்றுவது. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு நிறத்தில் சதுரமாகத் தெரிந்தது என்றார். படத்தைப் பழைய கோப்புத் துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்துவிட்டார். தூக்கிப் போடவில்லை. "திரும்பி வந்தா மறுபடி யாரு துட்டு குடுத்து பிரேம் போடறது" என்பது அவர் கணக்கு. ஆணியைப் பிடுங்கச் சொல்லி எந்த ஆட்சியும் உத்தரவு போட்டதில்லை.

கலைப்பதற்கு ஒரு சடங்கு உண்டு. முதலில் சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்பார்கள். பிறகு ஆளுநர் ஓர் அறிக்கை அனுப்புவார். ஆளுநர் என்பவர் நல்ல காலத்தில் பட்டமளிப்பு விழாவுக்கு வருவார், கெட்ட காலத்தில் அறிக்கை எழுதுவார். அவர் எழுத மாட்டேன் என்றாலும் பரவாயில்லை. எழுதாமலே கலைக்கலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போடுவார். அவரும் யாரோ நீட்டிய தாளில்தான் போடுவார். ஆக, கோடிப் பேர் வெயிலில் நின்று செய்த காரியத்தை, யார் செய்தார்கள் என்றே தெரியாமல் இல்லாமல் ஆக்கிவிடலாம்.

இப்போது காலம் மாறிவிட்டது. நீதிமன்றம் குறுக்கே வந்து, பெரும்பான்மை உண்டா இல்லையா என்று சட்டமன்றத்தில் எண்ணிப் பார்க்கச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது கலைப்பது குறைவு. உறுப்பினர்களைச் சொகுசுப் பஸ்ஸில் ஏற்றி எங்காவது விடுதியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். முன்பு ஒரு கையெழுத்தில் முடிந்த வேலை, இப்போது மூன்று வேளை பஃபே போட்டு முடிகிறது.

என் மனுவுக்கு நானே பதில்

செங்கோடனுக்கு நம்பிக்கை போகவில்லை. கோர்ட்டுக்குப் போய்ப் பதினைந்து நாளில் திரும்பி வந்துவிடுவார்கள் என்றார். அதற்குள் வாழை வாடிவிடுமே என்று, அலங்காரத்துக்கு வைத்த இரண்டு மரத்தையும் கிழங்கோடு கேட்டுக்குப் பக்கத்திலேயே நட்டுத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். மந்திரி வருகிற அன்று மறுபடி அலைய வேண்டாம் பாருங்கள். பதினைந்து நாள் போனது. ஒரு மாதம் போனது. வாழை பக்கக் கன்று விட்டது. மந்திரிதான் வரவில்லை.

நான் யூனியன் ஆபீசுக்குப் போனேன். "கட்டடத்தைத் திறந்து குடுங்க சார், பிரசவம் பாக்கணும்."

"மேலிடத்து உத்தரவு வேணுமேம்மா."

"இப்ப மேலிடம் யாரு சார்?"

அந்த அதிகாரி யோசித்தார். அமைச்சர் இல்லை, முதலமைச்சர் இல்லை. கடைசியில் விரலை மேலே காட்டினார். அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆளுநர் ஆட்சிதானே, ஆளுநருக்கே எழுதிவிடுவோம் என்று ஒரு கார்டு போட்டேன். ஐயா, தாங்கள் வந்து ரிப்பன் வெட்ட வேண்டியதில்லை, வெட்டலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். முக்கால்வாசி மரியாதையாகத்தான் எழுதினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது." துறை அதைச் சேலத்துக்கு அனுப்பியது. சேலம் யூனியனுக்கு அனுப்பியது. யூனியன் ஆபீஸ், அந்தப் பகுதியின் சுகாதாரப் பணியாளர் இது குறித்து அறிக்கை தரவும் என்று எழுதி எனக்கு அனுப்பியது. நான் எழுதிய கார்டு, ஏழு முத்திரையோடு, என் கைக்கே வந்து சேர்ந்தது. மனுதாரரின் கோரிக்கை நியாயமானது என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று தெரியாது.

பங்குனி மத்தியானம்

பாவாயிக்கு வலி வந்தது பங்குனி மாதத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு தறிக் கூடத்திலிருந்து நேராக நடந்தே வந்தாள். ராசிபுரம் பஸ் போய் அரை மணி ஆகியிருந்தது. அடுத்தது மூன்று மணிக்கு. கை வைத்துப் பார்த்தேன். மூன்று மணி வரை தாங்காது.

என் அறைக் கதவைத் திறந்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை. அன்று காலையில்தான் ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருந்தது. கடையில் இடமில்லாததால் பேரல்களை என் அறையில் உருட்டி வைத்திருந்தார்கள்.

பாவாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்த இருட்டைப் பார்த்தாள். "அக்கா, இதுக்குள்ள நான் வரமாட்டனுங்க" என்றாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

நான் செங்கோடன் வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாவி எங்கே இருக்கும் என்று ஊருக்கே தெரியும். இடுப்பில், அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். எச்சில் கையோடு எழுந்து என் பின்னாலேயே கட்டடம் வரை வந்துவிட்டார். வந்த பிறகுதான் தயங்கினார்.

"நான் மாட்டேன்னு சொல்லலீங்க நர்சம்மா. ஆனாத் தெறக்காத கட்டடத்துல எப்படீங்க? கல்லுல பேரு வெட்டியாச்சு. எலெக்‌ஷன் வருது. நம்மாளு செயிச்சு வந்தா அவரு கையாலதான தெறக்கோணும். எடையில நானே தெறந்துபோட்டா என்ற மூஞ்சில முழிப்பாருங்களா?"

"வேற ஆளு ஜெயிச்சா?"

"அவுங்க மந்திரி வந்து தெறக்கட்டுமுங்க. யாரோ ஒரு மந்திரி தெறக்கோணுமுங்க. அதுக்குச் சட்டம் இருக்குது."

அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை. எனக்கும் அது அப்போது தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அந்த இல்லாத சட்டத்தின் மேல்தான் பயம்.

"போன தடவை என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தெரியும். அந்தச் சின்னக் குழியை வெட்ட ஆள் அனுப்பியவர் அவர்தான்.

அதற்குள் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு பாவாயி கேட்டுக்கு வந்துவிட்டாள். வாழை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு வலியைப் பொறுத்தாள். வலி விட்டதும் நிமிர்ந்தாள். உறவு இருக்கிறதோ இல்லையோ, ஊரே செங்கோடனை மாமா என்றுதான் கூப்பிடும்.

"மாமா, சாவிய நீங்களே வெச்சுக்கங்க. கதவை மட்டும் தெறந்து உடுங்க. மந்திரி வந்தாச் சொல்லுங்க, ஒருத்தி வந்தா, ஒரு புள்ளையப் பெத்தா, எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டான்னு. கட்டடத்தத் தூக்கிக்கிட்டுப் போகலைன்னு சொல்லுங்க."

செங்கோடன் வேட்டியைத் தளர்த்தி அரைஞாண் கயிற்றைத் தேடினார். கை எச்சில் என்பதால் இடது கையால் அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு வரவில்லை. மாமியார் பொறுமை இழந்து, "நவுருங்க" என்று சொல்லி, ஆண்பிள்ளை என்றும் பாராமல் அவர் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

பூட்டைத் திறந்தேன். ரிப்பன் குறுக்கே இருந்தது. என்னிடம் கத்தரிக்கோல் இருந்தது. கொதிக்க வைத்து, சுத்தமான துணியில் சுற்றி, தொப்புள்கொடிக்காக வைத்திருந்தது. அதை ரிப்பனில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. செங்கோடன் முன்னால் வந்து ரிப்பனை இடது கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பாவாயி குனிந்து உள்ளே போனாள்.

ஒன்றரை மணிக்குக் குழந்தை வந்தது. நீலம் பாய்ந்திருந்தது. அழவில்லை.

ஆனால் இந்த முறை தெற்கு ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையில் சளி அடைத்திருப்பது பளிச்சென்று தெரிந்தது. ரப்பர் குழாயை வைத்து உறிஞ்சினேன். உள்ளங்காலில் தட்டினேன். மறுபடி உறிஞ்சினேன். பாவாயி தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தையைப் பார்க்கவில்லை.

குழந்தை கத்தியது. அம்மாவின் குரல்தான், அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். வேலை நேரத்தில் அழுதது அந்த ஒரு முறைதான்.

வெளியே வந்தேன். செங்கோடன் ரிப்பனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"சந்தோசமுங்க நர்சம்மா. கையை எறக்கலாமுங்களா?"

அவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டிருந்தாரா, நான் வருகிற சத்தம் கேட்டுத் தூக்கினாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டதில்லை.

மறுபடி ஒரு கல்வெட்டு

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. வலி வந்தவர்கள் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார்கள், பிள்ளையோடு குனிந்து வெளியே வந்தார்கள். வெயிலில் ரிப்பன் வெளுத்து ரோஸ் நிறம் ஆனது. சாவி செங்கோடன் இடுப்பிலிருந்து என் பைக்கு வந்துவிட்டது. வெளியூர் அதிகாரிகள் வந்தால் மட்டும் நான் மண்ணெண்ணெய் அறையில் உட்கார்ந்திருப்பேன்.

தேர்தல் வந்தது. செங்கோடனின் கட்சி தோற்றது. புது ஆட்சி வந்து ஒரு மாதத்தில் புது அமைச்சருக்குத் தேதி கிடைத்தது. பழைய கல்லைப் பெயர்த்து எடுத்துப் புதுக் கல்லைப் பதித்தார்கள். பழையதைக் கட்டடத்துக்குப் பின்னால் குழாயடியில் எழுத்து கீழே போகும்படி கவிழ்த்துப் போட்டார்கள். துணி துவைக்கத் தோதாக இருந்தது.

விழா அன்று புது ரிப்பன், புது வாழை. பழைய வாழையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அமைச்சர் ரிப்பன் வெட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி.

"இந்தக் கட்டடத்தில் பிறக்கப்போகும் முதல் குழந்தைக்கு, என் சொந்தச் செலவில் வெள்ளிக் கொலுசு."

கைதட்டல் வரவில்லை. முன்வரிசையில் தாய்மார்கள், மடியில் ஒவ்வொரு குழந்தை. எல்லாம் அங்கே பிறந்தவை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சேலத்திலிருந்து வந்திருந்த என் மேலதிகாரி மேடையில் உட்கார்ந்திருந்தார்.

பாவாயி எழுந்தாள். இடுப்பில் குழந்தை. மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"பொறந்தாச்சுங்க."

அமைச்சர் நல்ல மனிதர். சிரித்துவிட்டுக் கொலுசைக் கொடுத்துவிட்டார். மேலதிகாரி சிரிக்கவில்லை.

பதவி என்ன

அடுத்த வாரம் மெமோ வந்தது. முறைப்படி திறக்கப்படாத அரசுக் கட்டடத்தைத் திறக்க உத்தரவிட்டவர் யார், அவருடைய பதவி என்ன, மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். தவறினால் கொல்லிமலைக்கு மாற்றல் என்று மேலதிகாரி வாயால் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மாதம் நிறைமாதத்தில் ஆறு பேர் இருந்தார்கள்.

அன்று சாயங்காலமே செங்கோடன் வந்தார். கல்லில் தன் பெயர் வர வேண்டும் என்று அத்தனை பாடுபட்ட மனிதர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எம்பேரு மட்டும் வேண்டாமுங்க நர்சம்மா. இப்ப நடக்கறது அவுங்க ஆட்சி. இனி ஒரு வேலை எனக்குக் குடுக்கமாட்டாங்க."

எழுதமாட்டேன் என்றேன். ரிப்பனைத் தூக்கிப் பிடித்த கை எனக்கு நினைவிருந்தது.

மறுநாள் தடுப்பூசிக்குப் பாவாயி வந்தாள். மேஜை மேல் கிடந்த காகிதத்தைப் பார்த்து, "என்னக்கா அது?" என்றாள். படித்துக் காட்டினேன்.

"நான் சொல்லித்தான தெறந்தீங்க? எம்பேர எழுதுங்க."

"உனக்கு எதுக்குடி வம்பு?"

"உங்களை மலைக்கு மாத்துவாங்க. செங்கோடன் மாமாவுக்கு வேலை குடுக்கமாட்டாங்க. என்னைய என்னக்கா பண்ணுவாங்க? இந்தத் தறியில இருந்து அந்தத் தறிக்கு மாத்துவாங்களா?"

நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதவி என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறதே என்றேன்.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "அந்த மந்திரிய அனுப்புனதும் நாங்கதான். இந்த மந்திரிய அனுப்புனதும் நாங்கதான். வரிசையில நின்னு விரல்ல மை வெச்சு அனுப்புனோம். நடுவுல மந்திரியே இல்லாதப்ப, அனுப்புனவ சொன்னாச் செல்லாதுங்களா?"

நான் எழுதினேன். உத்தரவிட்டவர்: பாவாயி. பதவி: வாக்காளர்.

"வாசிங்க" என்றாள். வாசித்தேன். பேனாவை வாங்கி, அடியில் ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

தபாலில் சேர்த்தேன். மூன்று நாள் காத்திருந்தேன், பிறகு மூன்று மாதம் காத்திருந்தேன். அந்த உத்தரவை ரத்து செய்யும் அளவுக்கு மேலே ஒருவர் சேலத்தில் அகப்படவில்லை போலிருக்கிறது. பதில் வரவே இல்லை.